நிலையான வளர்ச்சி இலக்கு அறிக்கையிடலின் காரணிகள்: காரைக்கால் தொழிலகங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

நிறுவனங்கள் நிலையான வளர்ச்சி இலக்குகள் குறித்து அறிக்கை வெளியிடத் தூண்டுவன எவை என்னும் வினாவிற்கு நிறுவனத்தின் அளவு, இயக்குநர் குழுவின் அமைப்பு, இலாபம் முதலியவற்றை விடையாகக் கூறும் ஆய்வுகள் மிகுந்துள்ளன. இந்தியச் சூழலில் இவ்விடைகளுள் முதன்மையானது சட்டத்தின் எதிரொலியாகவே அமைந்துவிடுவதையும், ஆய்வின் அலகாக நிறுவனம் மட்டுமே கொள்ளப்படுவதால் தொழிலகம் அமைந்த ஊர் விடுபட்டுப்போவதையும் இக்கட்டுரை சுட்டுகிறது. காரைக்காலின் திருமலைராயன்பட்டினம் கொம்யூனிலும் அதன் அண்மையிலும் இயங்கும் தொழிலகங்கள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிலையான வளர்ச்சி இலக்குகள், நிலைத்தன்மை அறிக்கை, செபி, காரைக்கால், ஏற்புடைமைக் கோட்பாடு, மீனவர் வாழிடம்

முன்னுரை

2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளும் 169 குறிக்கோள்களும் பெரும்பாலும் அரசுகளை நோக்கி எழுதப்பட்டவை. அவற்றுள் 12.6 என்னும் எண்ணுடைய குறிக்கோள் நிறுவனங்களை நேரடியாகச் சுட்டுகிறது. பெரிய நிறுவனங்களும் பன்னாட்டு நிறுவனங்களும் நிலைத்தன்மை குறித்த தகவல்களைத் தம் வழக்கமான அறிக்கைகளில் சேர்க்குமாறு ஊக்குவிக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. 'ஊக்குவித்தல்' என்னும் இந்த ஒரு சொல்லிலிருந்து ஓர் ஆய்வுக்களமே கிளைத்துள்ளது. எந்த நிறுவனம் ஊக்கம் பெறுகிறது, எது பெறுவதில்லை, ஏன் என்னும் வினாக்கள் இன்று வணிகவியல், மேலாண்மையியல் துறைகளின் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் பரவலாகக் காணப்படுகின்றன.

வினா பயனுடையதே. அதற்கு விடை தேடும் முறையில்தான் சிக்கல் இருக்கிறது. அச்சிக்கலைத் தேசிய அளவிலான புள்ளிவிவரங்களைக் காட்டிலும், ஏறத்தாழ 160 சதுர கி.மீ. பரப்பும் 2011 கணக்கெடுப்பின்படி 2,00,222 மக்களும் கொண்ட காரைக்கால் போன்ற ஒரு சிறு நிலப்பகுதி தெளிவாகக் காட்டுகிறது.

காரணிகளும் கோட்பாடுகளும்

இத்துறை ஆய்வுகள் மூன்று கோட்பாடுகளை மாறிமாறிச் சார்ந்து நிற்கின்றன. நிறுவனத்தின் செயலால் பாதிக்கப்படுவோர், அச்செயலைப் பாதிக்கக் கூடியோர் ஆகிய எல்லாருக்கும் நிறுவனம் கடப்பாடுடையது என்பது 1984-இல் ஃபிரீமன் விரித்துரைத்த அக்கறையுடையோர் கோட்பாடு. சமூகத்தின் ஏற்பைப் பெறவும் இழந்த ஏற்பை மீட்கவும் நிறுவனம் தன்னைப் பற்றிப் பேசுகிறது என்பது ஏற்புடைமைக் கோட்பாடு. 1995-இல் சக்மன் எழுதிய கட்டுரை இதற்கு அடிப்படையாக எடுத்தாளப்படுகிறது. ஒரே களத்தில் இயங்கும் நிறுவனங்கள் சட்டத்தின் வற்புறுத்தலாலும், ஒன்றைப் பார்த்து ஒன்று செய்வதாலும், தொழில்நெறி சார்ந்த அழுத்தத்தாலும் ஒரே சாயலை அடைகின்றன என்பது 1983-இல் டிமாஜியோவும் பவலும் முன்வைத்த நிறுவன ஒப்புமைக் கருத்து.

இங்குத் தமிழ் வழக்குப் பற்றி ஒரு குறிப்பு. 'ஷேர்ஹோல்டர்', 'ஸ்டேக்ஹோல்டர்' ஆகிய இரண்டையும் 'பங்குதாரர்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கம் நம் அரசு ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் வேரூன்றிவிட்டது. கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கு வரும் மீனவரும் பங்குதாரர். பங்குப் பத்திரம் வைத்திருப்பவரும் பங்குதாரர். இதை மொழிபெயர்ப்புப் பிழையென்று ஒதுக்கிவிட எளிது. ஆனால் அறிக்கைகளைப் படிக்கும்போது, முன்னவருக்கு உரிய இடத்தில் பின்னவரே அமர்ந்திருப்பதைக் காணும்போது, இச்சொற்குழப்பம் நடைமுறையைத் தற்செயலாகவேனும் சரியாகச் சொல்லிவிட்டதோ என்று தோன்றுகிறது.

அளவறி ஆய்வுகளுள் அடிக்கடி மேற்கோளாக எடுத்தாளப்படுவது ரொசாட்டி, ஃபாரியா இருவரும் 2019-இல் வெளியிட்டது. இலக்குகள் குறித்து முந்திக்கொண்டு அறிக்கையிட்ட நிறுவனங்கள் அளவில் பெரியனவாகவும், புலனாகாச் சொத்துகள் மிகுந்தனவாகவும், வெளிச்சான்றளிப்பை நாடுவனவாகவும், பெண் இயக்குநர்களின் விகிதம் கூடியனவாகவும், இளைய இயக்குநர் குழு உடையனவாகவும் இருப்பதை அவர்கள் கண்டனர். உலகெங்கும் அறிக்கையிடல் பெரிதும் தன்விருப்பமாக இருந்த காலத்துத் தரவுக்கு இம்முடிவு பொருந்தும். அதே மாறிகளை எடுத்து இந்தியத் தரவில் பொருத்தும்போதுதான் இடறல் தொடங்குகிறது.

அளவு என்னும் மாறி

இந்தியாவில் அறிக்கையிடல் வளர்ந்த வரலாறு சுருக்கமானது. 2012 ஆகஸ்டில் செபி, சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களுக்கு வணிகப் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாக்கியது. 2015-இல் இவ்வரம்பு 500 ஆகவும் 2019-இல் 1000 ஆகவும் விரிந்தது. 2021 மே மாதம் அதனிடத்தில் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை (பி.ஆர்.எஸ்.ஆர்.) அறிவிக்கப்பட்டு, 2022-23 நிதியாண்டு முதல் முதல் 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. இதன் அடித்தளமாகிய ஒன்பது நெறிகள், நிலையான வளர்ச்சி இலக்குகளையும் கருத்திற்கொண்டு 2019-இல் நிறுவன விவகார அமைச்சகம் திருத்தி வெளியிட்டவை. எனவே ஆய்வாளர் பலர் இவ்வறிக்கையையே இலக்குகள் குறித்த அறிக்கையிடலின் சான்றாகக் கொள்கின்றனர்.

கடமை யாருக்கு என்பதைச் சந்தை மதிப்பின் வரிசை எண் தீர்மானிக்கிறது. அவ்வாறிருக்க, அறிக்கையில் இலக்குகள் சுட்டப்படுவதற்கு 0, 1 என மதிப்பெண் இட்டு, 17-க்கு எத்தனை எனக் கூட்டி, அதைச் சார்ந்த மாறியாகவும் நிறுவன அளவைச் சாரா மாறியாகவும் வைத்துத் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு செய்து, 'அளவு குறிப்பிடத்தக்க தாக்கம் செலுத்துகிறது' என்று முடிப்பதில் கண்டறியப்பட்டது யாது? செபியின் சுற்றறிக்கை நடைமுறைக்கு வந்துவிட்டது என்பது மட்டுமே. ஏற்புடைமைக் கோட்பாட்டை இம்முடிவின்மேல் போர்த்துவது, வரி செலுத்தியவரை ஈகையாளர் என்று பாராட்டுவதற்கு ஒப்பாகும்.

கட்டாய வரம்புக்குள் இருக்கும் நிறுவனங்களை மட்டும் எடுத்து, விருப்பத்திற்கு விடப்பட்ட பகுதிகளில் யார் மிகுதியாகச் சொல்கின்றனர் என்று பார்க்கும் ஆய்வுகளும் உண்டு. பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்தில் இன்றியமையாக் குறியீடுகள், தலைமைக் குறியீடுகள் என இரு வகை இருப்பதால் இது கூடும். அம்முயற்சி மேற்கூறிய குறையிலிருந்து தப்புகிறது. ஆயினும் அதுவும் நிறுவனத்தையே ஒற்றை அலகாகக் கொள்கிறது. ஊர் அங்கும் இல்லை.

திருமலைராயன்பட்டினத்தில் நான்கு நிலைகள்

புதுச்சேரி நகருக்கு 130 கி.மீ.க்கும் அப்பால், தமிழ்நாட்டு மாவட்டங்கள் மூன்று புறமும் சூழ, ஒரு புறம் கடல் அணைய அமைந்தது காரைக்கால். அதன் தென்கோடியிலுள்ளது திருமலைராயன்பட்டினம் கொம்யூன். இதனுள் வாஞ்சூர்த் துறைமுகம், கெம்பிளாஸ்ட் சன்மாரின் காஸ்டிக் சோடா ஆலை, புதுச்சேரி மின்திறல் கழகத்தின் எரிவாயு மின்நிலையம் ஆகியவை அமைந்துள்ளன. அண்டையிலுள்ள நிரவியில் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகைப் பிரிவுத் தலைமையிடம் இருக்கிறது. ஒரே காற்றையும் ஒரே நிலத்தடி நீரையும் பகிர்ந்துகொள்ளும் இந்நான்கும் அறிக்கையிடலைப் பொறுத்தவரை நான்கு வெவ்வேறு நிலைகளில் நிற்கின்றன.

ஓ.என்.ஜி.சி. பட்டியலிடப்பட்ட மகாரத்னா நிறுவனம். செபியின் கடமைக்கு முன்பிருந்தே நிலைத்தன்மை அறிக்கை வெளியிட்டு வந்தது. பொதுத்துறை நிறுவனத் துறையின் வழிகாட்டுதல், பன்னாட்டுக் கடன் சந்தை, சந்தை மதிப்பு என எல்லாத் தூண்டுதல்களும் அதற்கு உண்டு. கோட்பாடுகள் விளக்குவதற்கு மிக எளிதான நிலை இது. ஆகவே நீட்டிக்க வேண்டுவதில்லை.

துறைமுகத்தின் கதை அதைவிடக் கற்பிப்பது. 2009-இல் இயங்கத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம் பெரும்பாலும் நிலக்கரியைக் கையாள்வது. நாகூர், வாஞ்சூர்ப் பகுதி மக்கள் நிலக்கரித் தூசு குறித்து நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். துறைமுகத்தை நடத்திய காரைக்கால் துறைமுகம் பிரைவேட் லிமிடெட் பட்டியலிடப்படாத நிறுவனம். செபியின் கடமை அதை நேரடியாகத் தொடவில்லை. கடனில் சிக்கி நொடிப்புத் தீர்வு நடவடிக்கைக்குச் சென்ற அது, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு 2023-இல் ரூ.1,485 கோடிக்கு அதானி துறைமுகங்கள் நிறுவனத்தின் வசமாயிற்று. அந்நிறுவனம் நிஃப்டி 50-இல் உள்ளது. இலக்குகளோடு தன் செயல்களைப் பொருத்திக் காட்டும் விரிவான அறிக்கைகளை வெளியிடுவது.

உரிமை மாறிய நாளில் கப்பல்தளமும் நிலக்கரிக் குவியலும் காற்றின் திசையும் மாறவில்லை. மாறியது உரிமையாளரின் தரவரிசை எண். நாகூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் படியும் கரித்தூள், பத்தாண்டுகளுக்கும் மேலாக ஏற்படுத்த இயலாத அறிக்கைக் கடமையை ஒரு பங்குப் பரிமாற்றம் ஏற்படுத்திவிட்டது. பாதிக்கப்படுவோரின் அழுத்தமே அறிக்கையிடலைத் தூண்டுகிறது என்னும் கருத்துக்கு இது நேர்மாறான சான்று. இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தாய் நிறுவனத்தை மட்டும் தனித்துக் காட்டுவதா, துணை நிறுவனங்களையும் இணைத்துக் காட்டுவதா என்னும் அறிக்கை எல்லையை நிறுவனமே குறிக்கலாம். துணை நிறுவனமாக இயங்கும் ஒரு துறைமுகம் அறிக்கைக்குள் வருவதும் வராமற்போவதும் படிவத்தின் அந்த ஒரு கட்டத்தைப் பொறுத்தது.

கெம்பிளாஸ்ட் சன்மார் 2012-இல் பங்குச் சந்தையிலிருந்து விலகி 2021 ஆகஸ்டில் மீண்டும் பட்டியலுக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் காரைக்கால் ஆலை காஸ்டிக் சோடா உற்பத்தி செய்துகொண்டுதான் இருந்தது. உப்பும் மின்சாரமும் நீரும் மிகுதியாக வேண்டும் ஒரு தொழில், ஒன்பது ஆண்டுகள் பட்டியலுக்கு வெளியே இருந்து, முதலீடு திரட்ட வேண்டிய தேவை எழுந்தபோது அறிக்கையிடும் உலகுக்குள் நுழைந்தது. முதல்நிலைப் பங்கு வெளியீடு இங்குக் காரணியாக நிற்கிறது என்றால் பிழையாகாது.

நான்காவது நிலை ஆய்வாளரின் கண்ணில் படுவதே இல்லை. புதுச்சேரி மின்திறல் கழகம் யூனியன் பிரதேச அரசுக்கு உரிமையானது. போலகத்தில் உள்ள அதன் மின்நிலையம் 32.5 மெகாவாட் திறனுடையது. 2000 முதல் காவிரிப் படுகை எரிவாயுவைக் கொண்டு இயங்குவது. பட்டியலிடப்படாததால் செபியின் படிவம் அதற்கு இல்லை. இப்போது எரிவாயுவின் வழியைத் தொடர்ந்து பார்ப்போம். காவிரிப் படுகைக் கிணற்றில் எடுக்கப்படும் எரிவாயு போலகத்தில் எரிகிறது. எரிப்பதால் எழும் கரியமில வாயு மின்நிலையத்தின் முதல் வகை உமிழ்வு. அதை அறிவிக்கும் பி.ஆர்.எஸ்.ஆர். கடமை மின்நிலையத்துக்கு இல்லை. எரிவாயுவை எடுத்து விற்ற நிறுவனத்தின் கணக்கில் அது மூன்றாம் வகை உமிழ்வு, பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்தில் மூன்றாம் வகை உமிழ்வு தலைமைக் குறியீடு, அதாவது விருப்பத்திற்கு விடப்பட்டது. இரு நிறுவனங்களும் சட்டத்தை முழுமையாகப் பின்பற்றினாலும் போலகத்துப் புகைபோக்கி இப்படிவத்தின் எந்தக் கட்டாயக் கட்டத்திலும் இடம்பெறாது.

பட்டினச்சேரிக் குழாய்

2023 மார்ச் 2 அன்று, காரைக்கால் எல்லைக்கு அப்பால் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் (சி.பி.சி.எல்.) கச்சா எண்ணெய்க் குழாயில் உடைப்பு ஏற்பட்டது. எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்கள் குழாயை அடைப்பது போதாது, முற்றாக அகற்ற வேண்டும் என்று போராடினர். பி.ஆர்.எஸ்.ஆர். கட்டாயமான முதல் நிதியாண்டு முடிய நான்கு வாரங்களே இருந்தன.

இத்தகைய நிகழ்வுக்குப் படிவத்தில் எங்கு இடம் இருக்கிறது என்று பார்ப்பது காரணிகளைப் பற்றிய எந்தப் புள்ளியியல் அட்டவணையையும்விடப் பயன் தரும். ஆறாம் நெறியின் கீழ்ச் சுற்றுச்சூழல் சட்டங்களுக்கு நிறுவனம் இணங்கியதா என்னும் வினா உண்டு. இணங்காமை இருந்தால் விவரமும் தண்டத்தொகையும் தர வேண்டும். ஆகவே ஒழுங்குமுறை அமைப்பு மீறல் என்று முடிவுசெய்த பின்னரே உடைப்பு அக்கட்டத்துள் உறுதியாக நுழையும். பொதுத் தகவல் பகுதியில், அக்கறையுடையோரிடமிருந்து வந்த புகார்களின் எண்ணிக்கைக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. அதன் முதல் வரிசை 'சமூகங்கள்'. ஆனால் அங்குக் கேட்கப்படுவது பதிவான புகார்களின் எண்ணிக்கை. படகுகளைக் கரையேற்றிவிட்டு ஊரே கடற்கரையில் அமர்வது ஒரு புகாரா, நூறு புகாரா, அல்லது புகாரே இல்லையா? எண்ணிக்கை என்னும் வடிவமே இவ்வினாவைத் தாங்காது.

பன்னாட்டுத் தரங்களில் இதற்கு இடம் இல்லாமலில்லை. உலக அறிக்கையிடல் முனைப்பின் (ஜி.ஆர்.ஐ.) தரங்களில் குறிப்பிடத்தக்க கசிவுகளுக்கென்றே தனி வெளிப்பாடு உண்டு. எண்ணெய், எரிவாயுத் துறைக்கான அதன் தனித்தரம் 2023 ஜனவரி 1 முதல், அதாவது பட்டினச்சேரி நிகழ்வுக்கு இரு மாதங்களுக்கு முன், நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்தியாவில் அது தன்விருப்பம். கடல்வாழ் உயிர்கள் குறித்த 14-ஆம் இலக்கு நிறுவன அறிக்கைகளில் மிகக் குறைவாகச் சுட்டப்படுவனவற்றுள் ஒன்று என்பதும், வேலைவாய்ப்பு குறித்த 8-ஆம் இலக்கும் காலநிலை குறித்த 13-ஆம் இலக்கும் முன்னணியில் நிற்கின்றன என்பதும் பல நாட்டு ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்படுவன. பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கடலோடு தொடர்பில்லை என்று இதற்கு அமைதி கூறுவர். நாகூர், வாஞ்சூர்க் கரையில் அவ்வமைதி செல்லாது.

மாநில எல்லை இச்சிக்கலை மேலும் இறுக்குகிறது. 2020-இல் தமிழ்நாடு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் தோண்டலைத் தடுத்தது. யூனியன் பிரதேசத்தின் பகுதியாகிய காரைக்கால் அச்சட்டத்திற்கு வெளியே இருக்கிறது. ஒரே படுகை, ஒரே நிறுவனப் பிரிவு, இரு வேறு சட்ட அழுத்தங்கள். 'நாடு' என்னும் மாறியில் இந்தியா முழுவதற்கும் ஒரே மதிப்பைத் தரும் ஆய்வு இதைக் காண இயலாது.

அறிக்கையைப் படிப்பவர் யார்

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன் திட்டத்தின் சுருக்கம் வட்டார மொழியிலும் தரப்பட வேண்டும் என்கிறது. அது எவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறது என்பது வேறு செய்தி. படிப்பவர் அவ்வூர் மக்கள் என்னும் எண்ணமாவது அதில் இருக்கிறது. செபியின் படிவத்தில் அப்படியொரு நிபந்தனை இல்லை. அறிக்கை ஆங்கிலத்தில் பங்குச் சந்தைக்குச் செல்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் இந்தியையும் சேர்ப்பதுண்டு. நிரவியிலோ போலகத்திலோ இருப்பவர் தம் ஊரைப் பற்றிய ஒரு வரியைத் தமிழில் படிக்க வழியில்லை. எவருக்காக எழுதப்படுகிறதோ அவரே எழுதத் தூண்டியவரும் ஆவார் என்று கொண்டால், காரணிகள் பற்றிய வினாவிற்கு அறிக்கையின் மொழியே பாதி விடையைத் தந்துவிடுகிறது.

நிறுவனச் சமூகப் பொறுப்புச் செலவிலும் ஊர் மறைந்துவரும் போக்கைக் காணலாம். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. ஆனால் இது வழிகாட்டுதலே அன்றிக் கட்டளை அன்று என்று அமைச்சகம் 2021-இல் விளக்கியது. ஆண்டறிக்கையோடு இணைக்கும் படிவத்தில் ஒவ்வொரு திட்டத்திற்கும் மாவட்டப் பெயரும், அது உள்ளூரா என்னும் குறிப்பும் இருந்தன. 2022 செப்டம்பர்த் திருத்தத்தில் அப்பட்டியல் நீங்கி மொத்தத் தொகை மட்டும் எஞ்சியது. பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்தின் எட்டாம் நெறியில் 'முனைப்புறு மாவட்டங்களில்' செய்த பணிகளைக் கூறும் ஒரு தலைமைக் குறியீடு உண்டு. அப்பட்டியலில் தமிழ்நாட்டுக்கு இராமநாதபுரமும் விருதுநகரும் உள்ளன, காரைக்கால் இல்லை. நிதி ஆயோக்கின் 2020-21 இலக்குக் குறியீட்டில் புதுச்சேரி 68 மதிப்பெண் பெற்று யூனியன் பிரதேசங்களில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. நான்கு திசைகளில் சிதறிக் கிடக்கும் நான்கு பகுதிகளின் சராசரி அது. பின்தங்கிய பகுதி என்ற தகுதியிலும் காரைக்காலுக்கு அறிக்கையில் நுழைய வாயிலில்லை.

நேர்மை கருதி ஒன்றைச் சொல்ல வேண்டும். படிவம் முற்றிலும் ஊரற்றதன்று. சூழல் உணர்திறன் மிக்க இடங்களில் இயங்குவோர் இடத்தைக் குறிப்பிட வேண்டும் என்று ஆறாம் நெறியில் ஓர் இன்றியமையாக் குறியீடு கேட்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலங்களும் அதில் பெயர் சுட்டப்பட்டுள்ளன. காரைக்கால் கரையோரத் தொழிலகங்களுக்கு நேரடியாகப் பொருந்தக்கூடிய கட்டம் இது. உள்ளடக்கப் பகுப்பாய்வு செய்வோர் 17 இலக்குச் சின்னங்களை எண்ணுவதை விடுத்து இந்த ஒரு கட்டத்தில் எத்தனை நிறுவனங்கள் ஊர்ப்பெயர் எழுதியுள்ளன, எத்தனை 'பொருந்தாது' என்று எழுதியுள்ளன என்று எண்ணினால் ஆய்வின் தரம் உடனே உயரும்.

ஊரை அலகாகக் கொள்ளும் ஆய்வு

மாற்று முறை அரியதன்று. நிறுவனப் பட்டியலிலிருந்து தொடங்காமல் ஒரு கொம்யூனிலிருந்து தொடங்கலாம். அதனுள் இயங்கும் தொழிலகங்கள் அனைத்தையும் பட்டியலிட்டு, உரிமையாளர் யார், பங்குச் சந்தையில் உள்ளாரா, அறிக்கை எல்லை எது, ஊர்ப்பெயர் எங்கேனும் வருகிறதா என்று குறிக்கலாம். ஒப்பிடுவதற்கு வேறு ஆவணங்களும் உள்ளன. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டங்கள் ஆண்டுக்கு இருமுறை இணக்க அறிக்கை தர வேண்டும். அது நிறுவனம்தோறும் அன்று, திட்டம்தோறும் தரப்படுவது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பின் இசைவு பெற்ற ஒவ்வோர் ஆலையும் செப்டம்பர் 30-க்குள் ஐந்தாம் படிவத்தில் நீர்ப் பயன்பாடு, மூலப்பொருள், கழிவு ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். இவ்வாவணத்துக்கு இலக்குச் சின்னங்களின் வண்ணமோ தலைவரின் முன்னுரையோ கிடையாது. ஆய்வாளர் கண்ணுக்கு இது படாமற்போனதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் வழியே புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடம் திருமலைராயன்பட்டினம் ஆலைகளின் ஐந்தாம் படிவங்களைக் கேட்டுப் பெற்று, அதே ஆண்டின் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கைகளோடு வரிவரியாக ஒப்பிடுவது ஓர் ஆய்வியல் நிறைஞர் பட்ட அளவிலான பணிதான். நாகூரும் பட்டினச்சேரியும் வேறு மாநில வாரியத்தின் எல்லைக்குள் இருப்பதால் தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் ஒரு விண்ணப்பம் வேண்டும். அவ்வாறு பெறும் கோப்புகளில், சந்தைக் கணக்கில் எங்கும் வராத போலகத்து மின்நிலையமும் இருக்கும். இசைவு பெறுவதற்கு அது பட்டியலிடப்பட்டிருக்க வேண்டியதில்லை.